நடுங்காத கை

அந்த வீட்டில் கடிகாரம்தான் மாமியார். நிஜ மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவள் இருந்த காலத்தில்கூட இத்தனை அதட்டல் கிடையாது. ஐந்தரைக்கு எழுந்திரு, ஆறு மணிக்கு நடக்கப் போ, ஏழரைக்குச் சாப்பிடு, ஒரு மணிக்குச் சாப்பிடு, ஐந்து மணிக்கு ஒரு பழமாவது கடி, ராத்திரி ஏழரைக்கு மறுபடியும் தட்டின் முன்னால் உட்கார், ஒன்பதரைக்கு விளக்கை அணை. வீட்டுக்காரரான பாலிஷ்காரரைக் குடியை விடவைக்கிற சிகிச்சை இல்லத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவர் கையில் கொடுக்காமல் மனைவியின் கையில் கொடுத்தார். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் இவருக்கு ஆகாது, நாலில் ரெண்டு சேர்ந்தால் மூன்றாவது ஆள் கதவைத் தட்டிவிடுவான் என்று சொன்னார். மூன்றாவது ஆள் யாரென்று அவள் கேட்கவில்லை. அந்த ஆளையும் சேர்த்துவைத்துப் பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா என்ன.

அவள் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, தைத்து, பசை தடவி அட்டை ஒட்டுகிற வேலை. டாக்டர் கொடுத்த தாளை அந்தப் பசையாலேயே அடுக்களைச் சுவரில் ஒட்டினாள். அதைப் பிய்த்தால் சுவர்தான் பெயர்ந்து வரும், தாள் வராது.

பத்து மாதம் அந்தத் தாள்தான் வீட்டை ஆண்டது. காலையில் நடக்கத் துணைக்குக் கண்ணாடிக்காரர் வருவார். கண்ணாடி போடுகிறவர் இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர். வியாழக்கிழமைக் கூட்டத்தில், குடியை விட்டவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற இடத்தில், பழக்கமானவர். அவர் விட்டு ஒன்பது வருஷம். ஆனால் விடுவதற்குள் பெண்டாட்டி போய்விட்டாள். பாலிஷ்காரர் மனைவியை வாய் நிறைய "தங்கச்சி" என்று கூப்பிடுவார், வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார்.

சாயங்காலம் பாலிஷ்காரர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். முதல் மாதம் அது அவருக்குச் செருப்படி மாதிரி இருந்தது. அவளுக்கும்தான். அப்புறம் பழகிப்போய், வரும்போதே உதட்டைக் குவித்துக்கொண்டு வருவார். மகள் அதற்கு செக்போஸ்ட் என்று பேர் வைத்தாள்.

மகள் பேர் வைத்தது சின்ன விஷயமில்லை. கல்லூரியில் படிக்கிற பெண், அப்பாவோடு ரெண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள். பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில் இவர் தள்ளாடிக்கொண்டு மேடையேறி, மகள் கையிலிருந்த கோப்பையை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டிய நாளோடு அவள் வாய் மூடிக்கொண்டது. சிகிச்சை முடிந்து நாலாவது மாதம் ஒரு மத்தியானம், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் ஃபேனைக் குறைத்துவிட்டு, அந்த சுவிட்சைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தார். அன்றிலிருந்து மூன்று தட்டும் ஒன்றாக விழ ஆரம்பித்தன. அம்மாவுக்கு இந்தப் பத்து மாதத்தில் கிடைத்ததிலேயே பெரியது அதுதான். அதைத் தொலைத்துவிடக் கூடாது என்று சாமி இருக்கிறதோ இல்லையோ தினமும் வேண்டிக்கொண்டாள்.

இதில் ஒரு குறை. பாலிஷ்காரர் இப்போது பாலிஷ் போடுவதில்லை.

மரச்சாமான் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பாலிஷ் போட்டவர் அவர். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் பந்தாகச் சுற்றி, அதில் தோய்த்து, மரத்தின் மேல் வட்ட வட்டமாக, எட்டு எட்டாக ஓட்டுகிற வேலை. நூறு தரம் ஓட்டினால் ஒரு பூச்சு. அந்த மாதிரிப் பத்துப் பூச்சு. ஸ்பிரிட் வாசனை பக்கத்திலேயே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டதால், முதலாளி அவரைப் பின்கொட்டகையிலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றி, நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னச் சொன்னார். நல்ல மனிதர்தான், வேறொருவராக இருந்தால் கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்.

பிரம்பு பின்னுவது ஒன்றும் கேவலமான தொழில் இல்லை. ஆனால் நாற்காலி வாங்க வருகிறவர்கள் நல்ல வேலைக்காரரைப் பார்க்கப் பின்னால் போவார்கள், பிரம்புக்காரரைத் தாண்டிக்கொண்டு. முன்பெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற மேஜையை ஒரு தடவை தடவிப் பார்த்து, இது யார் போட்டது, எங்கே தப்பு விட்டிருக்கிறான் என்று சொல்லாமல் காப்பியைத் தொடமாட்டார். இப்போது கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை மறைக்க இன்னொரு காரணமும் உண்டு. குடியை விட்டபின் விரல்களில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. சிலருக்கு இது குறையும், சிலருக்குக் குறையாது, நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னார். பிரம்புக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. பின்னல் கொஞ்சம் கோணும், இழுத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

குடிகாரனாக இருந்தபோதுகூட அந்த மனிதரிடம் ஒரு மிடுக்கு இருந்தது என்று அவளுக்குத் தோன்றும். தோன்றியதும் தன் வாயிலேயே போட்டுக்கொள்வாள். என்ன புத்தி இது என்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவருக்குப் பதிலாகப் பின்கொட்டகையில் இருக்கிற பாலிஷ்காரன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஒரு நூலகத்துக்கு இருபத்துநாலு நீள மேஜை போக வேண்டும், நாலு வாரம்தான் இருக்கிறது. ஸ்பிரிட் டின்னைத் தன் அறையில் பூட்டி வைத்து அளந்துதான் கொடுப்பதாகவும், ஜன்னலெல்லாம் திறந்து போட்டுவிடுவதாகவும், மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளட்டும் என்றும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாலிஷ்காரர் மனைவியைப் பார்த்தார். ஐந்து வயதுப் பிள்ளை கடை வாசலில் நின்றுகொண்டு பார்க்குமே, அந்தப் பார்வை.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். மறுநாள் நடை முடிந்து வாசலில் நின்ற கண்ணாடிக்காரர் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வேண்டாம் தங்கச்சி. ஸ்பிரிட்டை மட்டும் பார்க்காதே. அதைப் பூட்டி வச்சிடலாம். அவசர வேலைன்னு ஒண்ணு வந்தா சோறு போகும், தூக்கம் போகும், நடை போகும், வியாழக்கிழமை போகும். ஊரே பாராட்டும், மனுஷன் உழைக்கிறான்னு. நான் நாலு தடவை அப்படித்தான் விழுந்தேன். உழைச்சு உழைச்சே விழுந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இவருக்கு வீடு இல்லை, வாசல் இல்லை, இன்னொருத்தன் தலை நிமிர்ந்தால் பொறுக்கவில்லையோ என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அப்புறம் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள். அன்றைக்கு வெட்கமில்லை. உள்ளே போய்ப் புருஷனிடம், "நாலு வாரம்தானே, போயிட்டு வாங்க. உங்க கைவேலையைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். காசுக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பழையபடி பார்க்க ஆசைப்பட்டுச் சொன்னாள்.

முதல் நாள் சாயங்காலமே செக்போஸ்ட்டுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. சட்டை, தலைமயிர், நகக்கண் எல்லாம் ஸ்பிரிட். வாசலில் வந்து அவர் உதட்டைக் குவித்ததும் அவளுக்கு மூக்கு எரிந்து இருமல் வந்துவிட்டது. "இந்த வாசனையிலே நான் எதைன்னு மோந்து பார்க்க, போய்க் குளிங்க" என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். நாலு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாகிவிட்டது.

அடுத்து நடை போயிற்று, ஆறு மணிக்கே பட்டறைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அடுத்து வியாழக்கிழமை போயிற்று. ஏழரை மணிச் சாப்பாடு எட்டரைக்கு நகர்ந்தது. அவள் தட்டை மூடி வைத்துக் காத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் குறை வைக்கவில்லை. சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை என்று டப்பா நிறைய அடைத்துக் கொடுத்தனுப்புவாள். டப்பா சாயங்காலம் காலியாகத் திரும்பி வரும். காலியாக மட்டுமில்லை, கழுவித் துடைத்துப் பளபளவென்று வரும். ஜென்மத்தில் ஒரு டம்ளரைக் கழுவியறியாத மனிதர். அச்சகத்தில் பக்கத்து நாற்காலிக்காரியிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓயவில்லை. உன் வீட்டுக்காரர் ஆளே மாறிட்டாரு, கொடுத்து வச்சவ நீ என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் சொன்ன ஊர்ப் பாராட்டு இதுதான் என்று அப்போது மண்டையில் ஏறவில்லை.

முதல் வாரம் வேலை சரியாக ஓடவில்லை போலிருந்தது. மழை ஈரத்தில் அரக்குப் பூச்சு வெள்ளை பூத்துக்கொள்ளும், அது தெரிந்த சங்கதி. ஆனால் அவர் முகம் அதற்கும் மேலே வாடியிருந்தது. எப்படிப் போகிறது என்று கேட்டாள். நல்லாப் போகுது என்றார். ரெண்டாம் வாரம் முகம் தெளிந்தது. பேச்சும் கூடியது. மூன்றாம் வாரக் கடைசியில் முதலாளி ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார், வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி.

போனாள். முடிந்த மேஜைகள் வரிசையாக நின்றன. அவள் ஒன்றின் மேல் குனிந்தாள். தன் முகம், மூக்குத்தி, காதோரத்து நரைமயிர் எல்லாம் உள்ளே தெரிந்தது. மரத்துக்குள்ளே எங்கேயோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். பழைய கை அப்படியே திரும்பி வந்துடுச்சும்மா என்று முதலாளி சொன்னார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் பஞ்சுப் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தவர் மாதிரிதான் இருந்தது. இவள்தான் அதற்குள் மகளுக்குப் போன் போட்டு மேஜையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இது நடந்து ரெண்டு நாள் கழித்து, புதன்கிழமை, அவள் ஒரு தப்பு செய்தாள். வீட்டில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா ரெண்டு உண்டு. காலை அவசரத்தில் சோறு அடைத்த டப்பாவைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த காலி டப்பாவை மூடி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து பானையை நகர்த்தியபோதுதான் பார்த்தாள். அடக் கடவுளே, மனுஷனைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று அடித்துக்கொண்டாள். பசி ஆகாது என்றல்லவா டாக்டர் முதலிலேயே சொன்னார். அவர் வந்தவுடன் சூடாகப் போடவேண்டும் என்று உலையை வைத்தாள். என்ன சொல்லிச் சமாளிக்கலாம், கேலி செய்வாரா, கோபப்படுவாரா என்று மகளோடு பேசிச் சிரித்தும்கொண்டாள்.

எட்டரைக்கு வந்தார். பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தார். பளபளவென்றிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே, "குழம்பு இன்னைக்கு நல்லா இருந்துச்சு. காரம்தான் ஒரு பொடி தூக்கல்" என்றார்.

அவள் அப்படியே நின்றாள். பொய் சொன்னதுகூட அவளை அவ்வளவு அடிக்கவில்லை. அந்தக் காரம் தூக்கல்தான் அடித்தது. குடித்த காலத்தில் அவர் பொய்யை மொட்டையாகச் சொல்லவே மாட்டார். பஸ் வரவில்லை என்றால் போதாது, கண்டக்டர் மீசைக்காரன் என்று சேர்த்துக்கொள்வார். பொய்க்கு ஒரு சின்ன அலங்காரம். பத்து மாதமாக அந்த அலங்காரத்தை அவள் கேட்கவில்லை. அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். மகள் பின்னாலேயே வந்து அம்மா முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் காதிருக்கிறது.

மறுநாள் வழக்கம்போலச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினாள். பதினொரு மணிக்கு வயிற்றுவலி என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி அரைநாள் விடுப்புப் போட்டாள். பத்தொன்பது வருஷ வேலையில் பொய் சொல்லிப் போட்ட முதல் விடுப்பு. மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. பட்டறை வாசலில் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுடைய டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வயசையும் பார்க்காமல் எழுந்து நின்றுவிட்டார்.

"வாம்மா, வா. அவரு இப்பத்தான் டாக்டர்கிட்ட ஊசி போட்டுட்டு வரேன்னு போனாரு. தினமும் இந்நேரத்துக்குப் போயிட்டு அரைமணியிலே வந்துடுவாரு. உன்னை நேர்ல பார்த்தா ஒரு கும்பிடு போடணும்னு நினைச்சிட்டிருந்தேன். ரெண்டு மூணு வாரமா உன் கைச் சோறுதான் எனக்கு மத்தியானம். அவருக்கு மருந்து சாப்பிடுறதாலே மத்தியானம் ஒண்ணும் இறங்கலையாம், நீங்க சாப்பிடுங்கன்னு கொடுத்துடறாரு. நான் சாப்பிட்டுக் கழுவி வச்சிடுவேன். நேத்து மட்டும் டப்பா காலியா இருந்துச்சு. சரி, இன்னைக்காவது மனுஷன் சாப்பிட்டாரேன்னு சந்தோஷப்பட்டேம்மா."

அவள் தலையை ஆட்டினாள். இந்த மனிதரிடம் என்ன பேச? உள்ளே போய், பின்கொட்டகையில் அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கொட்டகை முழுக்க அரக்கும் ஸ்பிரிட்டும் மணத்தது. இந்த மணத்துக்குள் அவரை அனுப்பிவிட்டுத் தன் மூக்கைத் தானே அடைத்துக்கொண்டதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் வந்தார். அவளைக் கவனிக்கவில்லை. மூக்குக்குத் துணியைக் கட்டினார், பஞ்சுப் பந்தை எடுத்தார், நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டார், மேஜையின் மேல் குனிந்தார். கை ஓட ஆரம்பித்தது. வட்டம், அப்புறம் எட்டு, மறுபடி வட்டம். ஓரிடத்திலும் தயங்கவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த நிமிஷத்தில்கூட அழகாகத்தான் இருந்தது, அதை அவள் மறைக்க முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தவளின் கண் விரல்களில் வந்து நின்றது. கை நடுங்கவில்லை.

நேற்று ராத்திரி தண்ணீர் டம்ளரை எடுத்தபோதும் நடுங்கவில்லை, முந்தின நாளும் நடுங்கவில்லை. எல்லோருமே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நல்லதுக்கு என்று நினைத்துவிட்டார்கள்.

"எத்தனை நாளாங்க?" என்றாள்.

கை நிற்கவில்லை. நடுவில் நிறுத்தினால் பஞ்சு ஒட்டிக்கொண்டு தழும்பு விழுந்துவிடும். அந்த ஓட்டத்தை மேஜை விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் முடித்துவிட்டு, பந்தைத் தகர டப்பாவில் போட்டு மூடினார். அப்புறம்தான் திரும்பினார்.

"பதினெட்டு நாள்," என்றார்.

அவரே மேலே சொன்னார். சொல்லி முடிக்கிற வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதல் வாரம் ரெண்டு மேஜையிலே போட்ட பூச்சைச் சுரண்ட வச்சாரு முதலாளி. கை ஆடி ஆடிக் கோடு கோடா விழுந்திருந்துச்சு. அவரு திட்டலை, பாவமாப் பார்த்தாரு. அது தாங்கலை. மறுநாள் மத்தியானம் சாப்பிடவும் பிடிக்கலை, ராத்திரி தூக்கமும் இல்லை. ஒரே ஒரு வாய்னு போனேன். வந்து பந்தை எடுத்தா கை கல்லு மாதிரி நிக்குது. அன்னைக்குப் போட்ட மேஜைதான் நீ மூஞ்சி பார்த்தது."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பவே சொல்லிடலாம்னு பார்த்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. பாப்பாவுக்கு வேற போன் போட்டே. இருபத்திரண்டு வருஷமா இது என் கைன்னு நினைச்சிட்டிருந்தேன். என் கை இல்லை போல. குடிதான் இத்தனை நாளும் பாலிஷ் போட்டிருக்கு."

வெளியே மழை வலுத்தது. சிகிச்சை இல்லத்து வாசலில் வைத்து அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். இன்னொரு சொட்டு உள்ளே போனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று. அதை அவரே எடுத்துக் கொடுத்தார். நீ சொன்னது ஞாபகமிருக்கு, போறதுன்னா போ, நான் தடுக்கமாட்டேன் என்றார்.

போயிருக்கலாம். போயிருந்தால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். போகாததற்கு அவள் பெரிய மனசு காரணமில்லை. இந்த வேலைக்கு வழியனுப்பி வைத்தவள் அவள். அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கண் கலங்கியவள் அவள். இன்னும் ரெண்டு தடவை பாராட்டியிருந்தால் அவர் இன்னும் ரெண்டு வாய் கூடக் குடித்திருப்பார். இதை வைத்துக்கொண்டு எந்த அண்ணன் வீட்டில் போய் உட்காருவது?

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள்.

காவல்காரர் கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டிருந்தாரோ, டப்பாவை ரெண்டு கையாலும் நீட்டி, "நான் இன்னும் தொறக்கலைம்மா" என்றார். பாலிஷ்காரர் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, நாலைந்து வாய் கஷ்டப்பட்டு விழுங்கினார். அதற்குள் அவள் முதலாளியிடம் போய், இனிமேல் அவர் பின்கொட்டகைக்கு வரமாட்டார் என்று சொன்னாள். முதலாளி ஆடிப்போய்விட்டார். இன்னும் நாலு மேஜை இருக்கிறது என்று ஆரம்பித்தவர், அதை விட்டுவிட்டு, "கை நல்லா ஓடுதேன்னுதான்மா பார்த்தேன். ஏன் ஓடுதுன்னு பார்க்கலை" என்றார்.

"நானும் அதையேதாங்க பார்த்தேன்," என்றாள்.

ரெண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தார்கள். மகள் நாலு மணிக்கு வந்தாள். அம்மா சொல்லக் கூடாது, நானே சொல்கிறேன் என்று அவர் வழியிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் நின்றபடியே மகளிடம் சொன்னார், நாள் கணக்கோடு, அலங்காரம் ஒன்றும் சேர்க்காமல். மகள் ஈரக் குடையை மடக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு எப்போது திறக்கும், ரெண்டு வருஷமா, நாலு வருஷமா என்று இவர்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழரைக்குத் திறந்தது. வந்து தன் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா பக்கம் திரும்பாமல், "திரும்ப நடக்கப் போவீங்களா?" என்று கேட்டாள்.

நாளைக்கு டாக்டரிடம் போய்ச் சொல்லி, அவர் எத்தனை நாள் அங்கே தங்கச் சொல்கிறாரோ தங்கிவிட்டு, வந்ததும் நடக்கப் போவதாக அவர் சொன்னார்.

"நானும் வரேன். நம்பிக்கையிலே வரலை. கண்ணாலே பார்க்கணும், அதுக்கு வரேன்," என்றாள்.

பத்து நாள் சிகிச்சை இல்லத்தில் வைத்திருந்து அனுப்பினார்கள். கடிகார மாமியார் பழைய அதிகாரத்தோடு திரும்பி வந்தாள். காலை ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டு வாங்கினாலாவது மனம் ஆறுமே என்று. மனிதர் சொல்லவேயில்லை. மழை விட்டுவிட்டது, இன்றைக்குத் தூரமாகப் போகலாம் என்றார். அப்பாவும் அவரும் முன்னால் நடப்பார்கள், மகள் பத்தடி பின்னால் காவலுக்கு நடப்பாள்.

பாலிஷ்காரர் மறுபடியும் பிரம்புக்காரரானார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் குடிக்காத நாள் எண்ணிக்கையைச் சொல்லும்போது, பழைய முந்நூற்றுச் சொச்சத்தையெல்லாம் விட்டுவிட்டு, இவர் பதினாலு என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அதையும் தானே சொன்னார். சாயங்காலம் ஊதிக் காட்டுவது பழையபடி நடந்தது. அதற்கு இப்போது யாரும் பேர் சொல்லிச் சிரிப்பதில்லை.

நடுக்கமும் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூடுதலாகவே. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் தட்டில் சிந்தும். அவள் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள். முன்பு இந்த நடுக்கத்தைப் பார்த்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது எப்படி ஆயிற்றென்றால், சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கண் முதலில் அவர் விரலுக்குத்தான் போகும். ஆடுகிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சோற்றைப் பிசைவாள். புருஷனுடைய கை ஆட வேண்டும் என்று எந்தப் பொம்பளையாவது வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டாள். மகளும் அப்படித்தான் பார்க்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இப்படி மூன்று மாதம் போனது. ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார், ஊதினார், ஒரு வாசனையும் இல்லை. குளித்துவிட்டு வந்து மகளோடு ரெண்டு வார்த்தை பேசினார், மகளும் பதில் சொன்னாள். ஏழரைக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் டம்ளரைத் தூக்கினார். தண்ணீர் அசையவில்லை.

அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பாரு, நிக்குது," என்று திரும்பினார்.

அவள் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ரெண்டு வாரமா நல்லாத் தூங்கறேன்ம்மா. போகப் போகக் குறையலாம்னு டாக்டர் சொன்னாரே," என்றார்.

"சொன்னாரு," என்றாள்.

"வந்ததும் ஊதினேன்."

"ஊதினீங்க. ஒண்ணும் இல்லை."

"அப்புறமும் பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த மனிதர் மறுபடியும் சிரிப்பார், சாப்பாடு சந்தோஷமாக முடியும். இந்த மாதிரிச் சந்தோஷத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இருந்த பத்து மாதத்தையும் தொலைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருக்குங்க," என்றாள். "ரொம்ப இருக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இருக்கு," என்றார். அப்புறம், "சோறு போடு" என்றார்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மகள்தான் எழுந்து போட்டாள்.